சன்னலோர வாசகன்

திருப்பூரிலிருந்து சேவூர் போகும் பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்த அந்தப் பெண்ணின் தலைமுடியெல்லாம் பனியன் பஞ்சு. பிசிர் வெட்டும் சின்னக் கத்தரி கழுத்துக் கயிற்றில் அப்படியே தொங்கியது. இரண்டு கட்டைவிரல்களாலும் செல்போனில் எழுதிக்கொண்டிருந்தார்.

"ஆன்லைன்ல தொடர்கதை போடறனுங்க. போன பகுதிய நெறையாப் பேரு பாதியிலயே உட்டுட்டுப் போயிட்டாங்க. இதுவும் அப்படிப் போச்சுன்னா எழுதறதையே நிறுத்திப்போடலாம்னு இருக்கறேன். கொஞ்சம் கேக்கறீங்களா?"

படித்தார். ஒரு மருமகள் விடிகாலையில் வீட்டை விட்டுக் கிளம்புகிறாள். பனி, நிலா என்று வர்ணனை நீண்டது. சட்டென்று நிறுத்தி, அத்தனையையும் அழித்தார்.

"ஏனுங்க, நல்லாத்தான இருந்துச்சு?"

"இல்லீங்க. நீங்க சன்னலப் பாத்துட்டீங்க."

எனக்குச் சுருக்கென்றது. சன்னலோரம் உட்கார்ந்தவன் வெளியே பார்க்கக்கூடாதா?

அவர் விறுவிறுவென்று வேறு எழுதிப் படித்தார். கிளம்பிய மருமகள், கொடியில் காயும் தன் சேலையை எடுக்கத் திரும்பி வருகிறாள். அதை மடித்துக் கையில் வைத்தபடி மாமியார் நிற்கிறாள். வாயைத் திறக்கிறாள். அதோடு நிறுத்திவிட்டார்.

"அப்பறம் அந்தம்மா என்ன சொன்னாங்க?" என்றேன். அப்போதுதான் வெளியே பார்த்தேன். நான் இறங்க வேண்டிய அவிநாசி எப்போதோ தாண்டியிருந்தது. பதறி எழுந்தேன்.

"அட, உங்க ஊரு போயிருச்சுங்களா?" அவர் முகத்தில் வருத்தமே இல்லை. மலர்ந்துபோய் அந்தப் பகுதியைப் பதிவேற்றினார். "மிச்சத்த நாளைக்குப் போடறனுங்க."

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வெயிலில் திரும்பி நடந்தேன். அவர் பேரையும் கேட்கவில்லை, கதையின் பேரையும் கேட்கவில்லை. அந்த மாமியார் என்ன சொன்னாளோ!