ஜைபுன்னிசா அக்கா எழுதிய ஒரு வரி

சென்ற வெள்ளிக்கிழமை காலை மறைமலைநகரில் வண்டிக்கு டீசல் நிரப்பிக்கொண்டிருந்தேன். எங்கள் தொழில் குழுவின் வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. வண்டி கிளம்பியது, சேர்ந்தது என்பதைத் தவிர வேறெதுவும் வராத குழு அது. "அம்மா காலைல மவுத்தாயிட்டாங்க" என்று ஜைபுன்னிசா அக்காவின் மகள் எழுதியிருந்தார். எதிர்பார்த்த சாவுதான்; ஓராண்டாகச் சிறுநீரக நோயோடு இருந்தவர். ஆனாலும் அந்த வரியை இரண்டு முறை படித்தேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். செங்கல்பட்டில் இரண்டு குளிர்சாதன லாரிகளை வைத்துத் தொழில் நடத்தியவர். கணவர் இறந்தபின், வண்டிகளை விற்றுவிடச் சொன்ன உறவினர்களுக்குப் பதில் சொல்லாமல் ஷெட்டுக்குப் போய் நின்றவர். சதுரங்கப்பட்டினம் கரையிலிருந்து இறாலை ஏற்றுமதித் தொழிற்சாலைக்குக் கொண்டுசேர்ப்பது அவர் வேலை. எனக்கும் அதே வேலை. நான் அவருடைய போட்டிக்காரன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஏற்றுமதிக்காரர் எங்கள் எல்லோரையும் கூட்டி, பிளாக்செயின் பதிவில் சேரச் சொன்னார். கரையில் இறால் வாங்கி ஐஸ் போடும் பெண்கள், லாரிக்காரர்கள், தொழிற்சாலை என எல்லோர் கையிலும் ஒரே பதிவு இருக்கும்; ஒருவர் எழுதியதை யாராலும் பிறகு மாற்ற முடியாது. எனக்குப் பிடிக்கவில்லை.

"நம்ம வண்டி எங்க நிக்குதுன்னு நாமளே ஊருக்குச் சொல்லிக்கினு இருக்கணுமா?" என்றேன்.

அக்கா எழுந்தார். "இன்னா தம்பி பேசற? சரக்கு கெட்டா யார் மேல பழி போடறோம்? ஐஸ் கம்மியா போட்டாங்கன்னு கரைல கீற பொம்பளைங்க மேல. இல்லன்னு காட்ட அவங்க கிட்ட இன்னா கீது?"

எல்லோரும் கையெழுத்திட்டோம். நான் அரைமனதாகத்தான்.

அடுத்த கோடையில் ஒரு லோடு இறால் தொழிற்சாலையில் இறக்கும்போதே நாறியது. ஐஸ் போட்டவர் அஞ்சலை. இனி அவரிடமும் அவரோடிருந்த பெண்களிடமும் சரக்கு எடுப்பதில்லை என்று மேலாளர் சொல்லிவிட்டார். கொண்டுபோனது அக்காவின் லாரி. அன்று அதன் வெப்பமானி பழுது; குளிர் எவ்வளவு இருந்தது என்பது எங்கும் பதிவாகவில்லை. வழியில் நடந்தது அக்காவுக்கும் டிரைவருக்கும் மட்டுமே தெரியும்.

மதியம் பதிவில் ஒரு வரி ஏறியது: "திருக்கழுக்குன்றம் அருகே கூலிங் ஒரு மணி நேரம் நின்றது. தவறு எங்கள் வண்டியுடையது."

பதறிப்போய் அவரை அழைத்தேன். "அக்கா, இன்னா காரியம் பண்ணிட்டீங்க? இனிமே அழிக்க முடியாதே!"

"தெரியும் தம்பி. அதான் ரெண்டு வாட்டி படிச்சிட்டு அனுப்பினேன்."

அஞ்சலைக்கு வியாபாரம் திரும்பக் கிடைத்தது. சதுரங்கப்பட்டினம் லாரி ஓட்டம் அக்காவின் கையைவிட்டுப் போனது. அதை எனக்குக் கொடுத்தார்கள். நான் வாங்கிக்கொண்டேன். இதை மறைத்து அவருக்கு அஞ்சலி எழுத எனக்கு மனம் வரவில்லை.

அவர் ஒரு லாரியை விற்றார். மற்றொன்றில் பால் ஏற்றினார். பல மாதங்கள் அவர் கண்ணில் படாமல் திரிந்தேன்.

பிறகு ஒருநாள் என் டிரைவர் பின்கதவைச் சரியாகப் பூட்டாமல் பாதி தூரம் வந்துவிட்டான். யாருக்கும் தெரியாது. நெடுநேரம் போனைக் கையில் வைத்திருந்தேன். கடைசியில் உள்ளதை உள்ளபடி பதிவில் எழுதினேன். எனக்கு எதுவும் நேரவில்லை; அதற்குள் எல்லோரும் உள்ளதை எழுதப் பழகியிருந்தார்கள். அன்று மாலை அக்காவே அழைத்தார்.

"பார்த்தேன் தம்பி. சாப்ட்டியா?"

அவ்வளவுதான். ஓட்டத்தைத் திருப்பித் தருகிறேன் என்றேன். "உன் டிரைவருக்கும் குடும்பம் கீது. நீயே ஓட்டு" என்று வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு அடக்கம். அன்றைய வியாபாரத்தை விட்டுவிட்டு அஞ்சலையும் எட்டுப் பெண்களும் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். முகம் பார்த்துவிட்டு வந்து தெருவோரம் நின்றார்கள். உடலை வைத்த சந்தூக்கைத் தூக்கியபோது அஞ்சலை செருப்பைக் கழற்றினார். மற்றவர்களும் கழற்றினார்கள். கொதிக்கும் தார்ச்சாலையில், ஊர்வலம் திரும்பி மறையும்வரை ஒருவரும் நிழலுக்கு ஒதுங்கவில்லை.

அக்கா, உங்கள் பாதையில் என் வண்டி ஓடுகிறது. ஒழுங்காக ஓட்டுவேன். போய் வாருங்கள்.