அரைச்சுவரில் ஒரு ஓட்டை

அடுப்படிக்கும் ஹாலுக்கும் நடுவே சுவர் வேண்டாம் என்று நான் சொன்னது புரிந்த அன்று, வீடே வேண்டாம் என்று சொல்லிவிட்டதைப் போல எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

என் மகளுக்கு அப்போது பத்து மாதம். தவழ்வாள், கையில் கிடைத்ததை வாயில் போடுவாள். நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டில் அடுப்படி கடைசியில் இருந்தது. ஒரு நாள் நான் குழம்பைத் தாளித்துவிட்டு வருவதற்குள் சட்டைப் பொத்தான் ஒன்றை விழுங்கப் பார்த்தாள். விரலை விட்டு எடுத்தேன். அதன்பிறகு கடுகு வெடித்தாலே எனக்கு அந்தப் பொத்தான் ஞாபகம்தான். சங்கரன்கோவிலிலேயே மனை வாங்கி வீடு கட்டப் போகிறோம் என்றதும் நான் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று: அடுப்பு முன்னால் நிற்கும்போது பிள்ளை கண்ணில் பட வேண்டும்.

வாரப் பத்திரிகை ஒன்றில் அப்படி ஒரு வீட்டின் படம் வந்திருந்தது. சமைக்க, சாப்பிட, உட்கார எல்லாவற்றுக்கும் ஒரே பெரிய அறை. பி.யு.சி. படித்தவள் ஆயிற்றே, கட்டம் போட்ட தாளில் அளவோடு வரைந்தேன். நாலு தடவை அழித்தேன். அப்படியும் நம்பிக்கை வராமல், மனையிலேயே கோலப்பொடியால் முழு அளவில் கோடு இழுத்து எல்லோரையும் கூட்டிப்போய்க் காட்டினேன்.

அதுதான் தப்பாகப் போயிற்று. தாளில் இருந்தவரை ஒருவருக்கும் புரியவில்லை. அதனால் எதிர்ப்பும் இல்லை. கோலப்பொடியில் எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

மாமியார், வாசலுக்காக நான் கோட்டில் விட்டிருந்த இடைவெளி வழியாகவே உள்ளே வந்து, அடுப்பு வரவேண்டிய இடத்தில் நின்று திரும்பினார்.

"ஏட்டி, இங்கன நின்னா வாசல்ல வாரவன் மொகம் தெரியுது. அப்ப அவனுக்கு நம்ம சட்டி தெரியாதா?"

"தெரிஞ்சா என்ன அத்தை?"

"ஆடித்தபசுத் திருநாளுக்கு மேலநீலிதநல்லூர்ல இருந்து என் தங்கச்சி வருவாளே! உக்காந்த எடத்துலயே ரசமும் அப்பளமும்தான்னு கண்டுபிடிச்சு ஊர் பூரா சொல்லிருவா."

மாமனார் ஹாலில் ஒரு செங்கல்லைப் போட்டு உட்கார்ந்து பார்த்தார். "நாலு பேர் வந்து பேசுத எடத்துல கருவாட்டு வாசன அடிச்சா நல்லாவா இருக்கும்?" எங்கள் வீட்டில் கருவாடு கேட்பவர் அவர் ஒருவர்தான்.

என் கணவர் அம்மா சொன்னதும் சரி என்றார், அப்பா சொன்னதும் சரி என்றார். வீடு திரும்பும் வழியில் நான் சொன்னதும் சரி என்றார்.

கடைசியில் கொத்தனார்தான் வழி சொன்னார். "அரைச்சுவர் வச்சிருவோம் தாயி. நாலடி. உக்காந்திருக்கவங்களுக்குச் சட்டி தெரியாது. நின்னா உங்களுக்கு ஹால் தெரியும்."

எல்லோருக்கும் திருப்தி. நான் வரைந்ததைவிட இதுவே மேல் என்றுகூட ஒரு வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சுவர் எழும்பியதும் அடுப்பு மேடைக்கான இடத்தில் போய் நின்றேன். மாமனாரின் தலை தெரிந்தது. மாமியாரின் கொண்டை தெரிந்தது. என் கணவரின் சட்டைப்பை வரை தெரிந்தது. தரையில் இறக்கிவிட்ட மகளைக் காணவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் சிரிக்கிற சத்தம் மட்டும் வந்தது.

கட்டின சுவரைக் குறை சொன்னால் என்ன நினைப்பார்களோ என்று இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் கொத்தனாரிடம் தனியாகச் சொன்னேன். அவர் தரையை ஒட்டி மூன்று செங்கல்லை உருவினார்.

"இது என்னவே ஓட்டை?" என்றார் மாமனார்.

"மனையடி சாஸ்திரம் அண்ணாச்சி. அக்கினி மூலைக் காத்து கீழ்வாக்குல போவணும்."

"ஆமா, நானும் கேள்விப்பட்டிருக்கேன்."

பிள்ளை கண்ணில் பட வேண்டும் என்று ஆறு மாதமாக நான் சொன்ன காரணம் எடுபடவில்லை. இது ஒரு நொடியில் எடுபட்டது. உண்மையைச் சொல்லியிருக்க வேண்டுமோ என்று இன்றும் தோன்றுகிறது. மறுவருஷம் மாமியாரின் தங்கை தன் வீட்டிலும் அதே மாதிரி ஓட்டை போடச் சொன்னார். அந்த வீட்டில் தவழும் பிள்ளையே கிடையாது.

நின்றபடி பார்க்க ஆசைப்பட்டவள் குனிந்து குனிந்து சமைத்தேன். புது வீட்டில் ஒரு நாள் கடுகு வெடிக்கும்போது குனிந்தேன். ஓட்டை வழியாக ஒரு சின்னக் கை நீண்டது. விரல்களுக்கு நடுவே, எச்சில் படாத ஒரு பொத்தான்.