பின்பக்கத்தில் அப்பா எழுதிய வரி

1. அண்ணா ஒரு கதை எழுதினான்.
2. நாங்கள் சிலர் நடத்தும் கையெழுத்துப் பத்திரிகைக்காக அதை நான் பிரதி எடுத்தேன்.
3. பத்திரிகை மாதுங்காவில் வீடு வீடாகப் போய்விட்டு, கடைசியாக எங்கள் வீட்டுக்கு வந்தது.
4. அப்பா படித்தார்.
5. அன்றிலிருந்து அவர் அண்ணாவிடம் பேசுவதில்லை.

செம்பூரில் ஓர் எஞ்சினீயரிங் கம்பெனியில் நான் வரைபடம் வரைகிறேன். எழுத்து அச்சுப்போல் இருக்கும் என்பதால் பத்திரிகையை எழுதும் வேலை என்னிடம் வந்தது. இருப்பது ஒரே பிரதி. கடைசித் தாள்களை வெறுமையாக விடுவோம். படித்தவர்கள் அபிப்பிராயம் எழுதுவார்கள்.

கதை, தாராவியில் தோல் பதனிடும் ஷெட்டில் வேலை செய்கிறவனைப் பற்றியது. மனைவி ஜுரத்தில் கிடக்கும்போது வேலைக்குப் போகிறான். திரும்பி வரும்போது அவள் உயிரோடு இல்லை.

அம்மா இறந்த அன்று அப்பாவும் ஆபீஸ் போயிருந்தார். வீட்டில் யாரும் அதைப் பேசியதில்லை.

பத்திரிகையைக் கொண்டுவந்து கொடுத்த கீழ்வீட்டு மாமி, "உங்காத்து ரேஷன் கார்டைத் தவிர எல்லாம் கதையில வந்துடுத்துடி" என்று சிரித்தாள். அப்பா கூடத்தில்தான் இருந்தார். அவள் போனதும் கேட்டு வாங்கிப் படித்தார்.

அந்தத் தொழிலாளியைத் தனக்கு நேரில் தெரியும் என்று அண்ணா என்னிடம் வாதாடினான். "நான் அப்பாவை எழுதலைடி. நெனைக்கக்கூட இல்லை."

நம்பினேன். மறுபடி படித்தேன். வேலைக்குக் கிளம்புமுன் அந்தத் தொழிலாளி தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி, மருந்து வேளை பார்க்க அவள் தலைமாட்டில் வைக்கிறான். எங்களுக்கு ஜுரம் வந்தால் அப்பா செய்வது அது. தோல் ஷெட்டில் வேலை செய்கிறவனிடம் கைக்கடிகாரம் ஏது? அந்த வரியைக் காட்டினேன். எழுதும்போது தனக்கு அது தோன்றவே இல்லை என்றான் அண்ணா. பிரதி எடுத்தபோது எனக்கும் அது உறைக்கவில்லை.

பின்பக்கத்தில், மற்றவர்களின் பாராட்டுகளுக்குக் கீழே, அப்பா ஒரு வரி எழுதியிருந்தார்: 'அந்த ஆள் அன்று ஏன் வேலைக்குப் போனான் என்று கதையில் இல்லை.'

"எனக்கே தெரியாதே" என்றான் அண்ணா.

வரைபடத்தில் கண்ணுக்குத் தெரியாத விளிம்பையும் விட்டுவிட்டு வரும் கோடாகக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பட்டறையில் இரும்பைத் தப்பாக வெட்டிவிடுவார்கள், பழி வரைந்தவருக்கு. கதைக்கு அப்படி விதி கிடையாது. எழுதியவன் நினைக்காதது அதில் வந்துவிடுகிறது. படிக்கிறவர், எழுதாமல் விட்ட இடத்தில் போய் நின்றுகொள்கிறார். அப்பா இன்னும் அங்கேயேதான் நிற்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. அங்கிருந்து அவரைத் திரும்பக் கூப்பிட அண்ணாவின் விளக்கம் போதவில்லை.

அண்ணா இப்போது முலுண்டில் நண்பனுடன் தங்கியிருக்கிறான். எழுதுவதில்லை. ஞாயிறன்று வருவான்; அப்பா அவனுக்குக் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். பத்திரிகை என்னிடம் இருக்கிறது. அப்பாவின் வரிக்குக் கீழே யாரும் எதுவும் எழுதவில்லை.