அப்பளம் கடிக்கும் வேலை

என் மனைவிக்கு ஒரே மாதத்தில் வாயிலிருந்த பற்கள் எல்லாம் போய்விட்டன. நாலு தடவை அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய்வந்து ஆடுகிற பல், சொத்தைப் பல், இவற்றுக்கு நடுவே பாவமாக நின்றுகொண்டிருந்த ஒன்றிரண்டு நல்ல பல், எல்லாவற்றையும் எடுத்தாயிற்று. ஈறு ஆறி இறுகின பிறகுதான் பல்செட்டுக்கு அச்சு எடுப்பார்களாம். மூன்று மாதமாவது ஆகும் என்றார் பல் டாக்டர்.

"மெல்லக் கூடாதும்மா. ஆனா நல்லா சாப்பிடணும். சாப்பிடலைன்னா ஆற நாளாகும்."

"மெல்லாம எப்படி டாக்டர் நல்லா சாப்பிடறது?" என்று கேட்டாள் இவள், வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு. டாக்டர் சிரித்தார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

பதிலை எங்கள் மகள் செரம்பானிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தாள். பெரிய பிளெண்டர். வீட்டில் பழையது ஒன்று இருந்தது, தேங்காயைப் போட்டால் இருமும். இது அந்த ஜாதியே இல்லை. ஐஸ் கட்டியைப் போட்டால் பூப்பூவாக ஆக்கிவிடும். ஆணியைப் போட்டாலும் யோசிக்காது என்றுதான் எனக்குப் பட்டது. லிங்கிப் பக்கத்துத் தோட்டத்தில் எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியே வயதானவன் நான். எஞ்சின் சத்தம் எனக்குப் பழக்கம். அப்படியும் இதை முதல்முறை முடுக்கியபோது ஒரு அடி பின்னால் நகர்ந்துவிட்டேன்.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டம்மாவின் குரல் வந்தது. "என்னா அண்ணே, காலையிலேயே மரம் அறுக்கிறீங்களா?"

"இல்ல லா, உங்க அக்காவுக்குச் சோறு."

"சோறா? ரோடு போடுற மாதிரில கேக்குது!"

அன்றைக்கு எனக்குத் தெரிந்த சமையல், தெரிந்ததையெல்லாம் ஒரே ஜாடியில் போடுவதுதான். சோறு, பருப்பு, பரங்கிக்காய், முள் எடுத்த பொரித்த மீன். அரை நிமிஷத்தில் மழை பெய்த செம்மண் பாதை மாதிரி ஒன்று கிடைத்தது. கிண்ணத்தில் ஊற்றி அவள் முன்னால் வைத்தேன். குனிந்து பார்த்தாள்.

"இது என்னாங்க, சுவத்துக்குப் பூசவா?"

மூன்று கரண்டி சாப்பிட்டாள். மறுநாள் கஞ்சி. "காய்ச்சல்காரிக்குத்தான் கஞ்சி. எனக்கு என்னா வந்துச்சு?" அதற்கு மறுநாள் மகள் போனில் சொல்லிக்கொடுத்தபடி கீரை, ஆப்பிள், வெள்ளரிக்காய் போட்டுப் பச்சைப் பசேலென்று ஒரு டம்ளர். "மாட்டுக்குத்தான் இப்படிப் பச்சையா வைப்பாங்க. அதுக்காவது அசை போட முடியும்." இவள் பேச்சை நான் எப்போதும் ரசிப்பவன். ஆனால் அந்த நாட்களில் சிரிப்பு வரவில்லை. கல்யாண மோதிரம் விரலில் நிற்காமல் பாத்திரம் கழுவும்போது வழுக்கி விழுந்தது. அவள் மோதிரத்தின் அடியில் நூல் சுற்றிப் போட்டுக்கொண்டாள். ரவிக்கையைப் பிடித்துத் தைத்தாள். இரண்டாம் மாதம் பாதியிலேயே ஆள் பாதி ஆகிவிட்டாள்.

என்னால் முடிந்த அளவு துணை நின்றேன். அவள் முன்னால் கடிக்கிற சாமான் எதையும் நான் தொடவில்லை. முறுக்கு டின்னை மேல் அலமாரியில் ஏற்றினேன். ஆசை வந்தால் வீட்டுக்குப் பின்னால், வாழை மரத்தடியில் நின்று தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வருவேன். மேஜையில் அவளுக்கு என்னவோ அதுவே எனக்கும். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சத்தமில்லாமல் விழுங்குவோம்.

மெஷினும் மெதுவாகக் கைக்கு வந்தது. தனித்தனியாக அரைக்கக் கற்றேன். சோறு ஒரு பக்கம், பருப்பு ஒரு பக்கம், மீன் குழம்பு நடுவில். தட்டைப் பார்த்து, "இப்பதான் சாப்பாடு மாதிரி இருக்கு" என்றாள். ஆனாலும் பாதியில் கரண்டியை வைத்துவிட்டாள்.

"என்னா குறையுது, சொல்லு."

"என்னமோ குறையுது."

குறைவது அப்பளம் என்று நானே முடிவு செய்தேன். சாம்பார் சோற்றில் அப்பளத்தை நொறுக்கிப் போட்டுச் சாப்பிடுகிறவள் அவள். ஆறு அப்பளம் பொரித்தேன். அஞ்சை ஜாடியில் போட்டு வேகத்தை முழுக்கத் திருகினேன். மூடியைத் திறந்ததும் முகமெல்லாம் மாவு. அதைப் பெருமையாக அவள் தட்டில் தூவினேன். குழம்பைத் தொட்டதும் கரைந்து களி ஆனது.

அவள் தட்டைப் பார்த்தாள். புருவத்தில் மாவோடு நிற்கும் என்னைப் பார்த்தாள்.

"அப்பளத்தைக் கொன்னுட்டீங்களே!"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். கைக்குட்டையால் வாயை மூட மறந்துபோய்ச் சிரித்தாள். எனக்கோ அலுப்பு. மிச்சமிருந்த ஆறாவது அப்பளத்தை எடுத்து, யோசிக்காமல், அவள் எதிரிலேயே ஒரு கடி கடித்துவிட்டேன். கடித்த பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. வாயை அசைக்காமல் நின்றேன்.

அவள் சிரிப்பு நின்றிருந்தது. தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு வாட்டி கடிங்க."

"இல்ல... தெரியாம..."

"கடிங்கங்கிறேன்."

கடித்தேன். அவள் ஒரு கரண்டி சோறு எடுத்து வாயில் வைத்தாள்.

"இதுதாங்க. ரெண்டு மாசமா சாப்பாட்டு மேஜையில சத்தமே இல்ல. வீட்டுல ரெண்டு நோயாளி இருந்த மாதிரி இருந்துச்சு. வாழ மரத்துக்குக் கீழ முறுக்கு கடிப்பீங்க பாருங்க, அப்ப நான் குசினியில, அடுப்புப் பக்கத்துச் சன்னல்ல நின்னு கேட்டுக்கிட்டு இருப்பேன்."

நான் அசடு வழிந்தேன்.

"நீங்க கடிங்க. நான் முழுங்குறேன்."

அவள் ஒரு கரண்டி, நான் ஒரு கடி. அப்பளம் தீர்ந்தும் தட்டு தீரவில்லை. எழுந்து போய் இன்னும் மூன்று பொரித்து வந்தேன். அன்றைக்கு அவள் தட்டை வழித்தாள்.

இப்போது எனக்கு மத்தியானத்தில் இதுதான் உத்தியோகம். காலையில் மெஷின் கத்தும், மத்தியானம் நான் நொறுக்குவேன். கிளினிக்கில் நர்ஸ் மிஸ்ஸி என் ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, "அப்பளம், ஊறுகாய் எல்லாம் குறைச்சுக்கங்க ஐயா" என்றார். கேட்டுக்கொண்டிருந்த இவள், "அடுத்த மாசம் அச்சு எடுக்கிறாங்க மிஸ்ஸி. அதுவரைக்கும் இவரை விட்டுருங்க" என்றாள். மிஸ்ஸிக்கு ஒன்றும் புரியவில்லை. இந்தப் பேச்சுக்கு நடுவில், மோதிரத்து நூலை அவள் அவிழ்த்துவிட்டதையும் மோதிரம் வழுக்காமல் நிற்பதையும் நான் பார்க்கத் தவறவில்லை.

நேற்று, பொரித்த அப்பளம் வைத்த டின்னைச் சரியாக மூடாமல் விட்டதில் எல்லாம் நமத்துப் போயிருந்தது. கடித்தேன், சத்தம் வரவில்லை. அவள் வாய்க்குப் போன கரண்டியைப் பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"வேற எடுங்க," என்றாள். "நான் காத்திருக்கேன்."