நாலு பேருக்கு வெட்டிய பங்கர்

போன ஞாயிறு, பலெர்மோவில் நாங்கள் இருக்கும் வீட்டின் நிலவறையைப் படுக்கையறையாக்க, என் கணவர் மண்தரையைக் கொத்தினார். ஈரமண் மணம் மேலே வந்ததும் எனக்கு அப்பா வெட்டிய பங்கர் ஞாபகம் வந்தது.

யாழ்ப்பாணத்தில் நான் பள்ளிக்கூடத்தை விட்ட வருடம், குண்டுவீச்சுக்கு ஒளிய அப்பா வீட்டு வளவுக்குள் பங்கர், அதாவது பதுங்குகுழி, வெட்டினார். அம்மா பழைய சேலைகளைக் கிழித்து மண்மூட்டை தைத்தா. அப்பா, அம்மா, தங்கச்சி, நான் என நாலு பேருக்குத்தான் அளவு.

“என்னை அளக்கேல்லையே, அப்பா?” என்று அண்ணா சிரித்தான்.

“நீ வாற கிழமை இத்தாலிக்குப் போற ஆள். உனக்கேன் பங்கர்?”

அண்ணாவை வெளிநாட்டுக்கு அனுப்பக் காசு வாங்கிய ஏஜென்சிக்காரன் பயணத்தை இரண்டு முறை தள்ளிப்போட்டான். பங்கரை அகட்டுவோம் என்று அப்பா சொன்னபோது, “வேண்டாம், அவனுக்கும் இடம் வெட்டினால் பயணம் தடைப்பட்டிடும்” என்று அம்மா மறித்தா.

குண்டு போடும் விமானம் வந்த அன்று எல்லோரும் நெருக்கியடித்து இறங்கினோம். “தள்ளி இரடி, பூசணிக்காய்!” என்று என்னை உள்ளே அமத்திவிட்டு, அண்ணா வாசற்படியில் குந்தினான். அவன் முதுகு வெளியே இருந்தது. குண்டுச் சிதறல் அதில்தான் பாய்ந்தது.

அவன் செத்து எட்டாம் நாள் செய்த எட்டுச் செலவுச் சடங்கு முடிந்த மறுநாள், அப்பா மண்வெட்டியை எடுத்து பங்கரை இன்னும் ஓர் ஆள் அளவுக்கு அகட்டினார். அம்மா மறிக்கவில்லை.

கீழே நிலவறையில் கணவர் சுவருக்கு நூல் பிடித்துக்கொண்டிருந்தார்.

“இஞ்சாருங்கோ, இன்னும் ஒராள் படுக்க இடம் விட்டுக் கட்டுங்கோ.”

“பிள்ளையோட நாங்கள் மூண்டு பேர்தானே. ஆருக்கு?”

“ஆரெண்டு எனக்கும் தெரியாது. இடத்தை விடுங்கோ.”