முதலில் போகும் ரயில்

துறைமுகத்துக் கிளைப்பாதை சீனக்குடாவில் பிரதான பாதையோடு சேரும் இடத்தில் புதிய சிக்னல் போடும் வேலை என் மேசைக்கு வந்தது. ஒரு ரயில் சந்தியைக் கடந்து எவ்வளவு நேரம் கழித்து அடுத்ததை விடலாம் என்று நான் கணக்குப் போட வேண்டும். காலையில் கோதுமை மா ஏற்றிய சரக்கு ரயில் கிளையிலிருந்து வெளியே வரும். அதன் பின்னால் பயணிகள் ரயில். அந்தப் பயணிகள் ரயிலில்தான் என் அக்கா கந்தளாய்க்குப் படிப்பிக்கப் போகிறாள்.

எப்படிப் போட்டாலும் கணக்கு உதைத்தது. பாரம் ஏற்றிய ரயில் ஊர்ந்துதான் வேகம் எடுக்கும். பின்னால் வருவது அதை எட்டிப் பிடித்துவிடும். ஆகவே பயணிகள் ரயிலைப் பிந்தி எடுப்பதென்று பேச்சு வந்தது. அப்படியென்றால் அக்கா முதல் பாடத்துக்குப் போய்ச் சேர மாட்டாள். பஸ்ஸோ அவளுக்கு வயிற்றைப் பிரட்டும்.

"அங்கையே ஒரு அறை எடுக்கிறன். வெள்ளிக்கிழமையில வாறன்" என்றாள்.

"எடு. எனக்கென்ன?" என்று வெடித்தேன். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவள் இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அளவெடுக்கக் கந்தளாய்ப் பாதையில் உள்ள தம்பலகாமம் போன அன்று எங்கள் வாகனம் நெல் மூட்டை ஏற்றிய உழவு இயந்திரத்தின் பின்னால் மாட்டிக்கொண்டது. "கொஞ்சம் முந்தி வெளிக்கிட்டிருந்தா இதுக்கு முன்னால போயிருப்பம்!" என்று சாரதியிடம் எரிந்து விழுந்தேன். வாயை மூடுமுன் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. மெதுவாகப் போவதன் பின்னால் வேகமானதை விடுவதால்தானே இத்தனை இடைவெளி? மாற்றி விட்டால்?

சரக்குதான் முதலில் என்று எல்லோரும் சொன்னதற்கும் காரணம் இருந்தது. ஒற்றைப் பாதை என்பதால் எதிர்த்திசை ரயில் வருமுன் அது தம்பலகாமம் நிலையத்தில் போய் ஒதுங்க வேண்டும். தேநீர்க் கடையில் உட்கார்ந்து கணக்கைப் புதிதாகத் தொடங்கினேன். பயணிகள் ரயிலின் கடைசிப் பெட்டி சந்தியைத் தாண்ட, தண்டவாளம் கிளைப்பக்கம் திரும்பிப் பூட்ட, சரக்கு வெளியேறித் தம்பலகாமத்தில் போய் ஒதுங்க என்று எல்லாம் சேர்த்தும் நேரம் மிஞ்சியது. தேநீர் ஆறிப்போயிருந்தது.

"ஏலாது பிள்ளை. சரக்கு பிந்தினா எல்லாம் குழம்பும்" என்றார் மேலதிகாரி.

"ஒருநாள் ஓட்டிப் பாப்பம் சேர்."

அரைமனதோடு சம்மதித்தார். சிக்னல்கள் வந்தபின் ஒருநாள் ஓட்டிப் பார்த்தோம். அக்காவிடம் நான் மூச்சுவிடவில்லை. அன்று காலை சந்தியில் போய் நின்றேன். அவளுடைய ரயில் வேகம் குறையாமல் போனது. சற்று நேரத்தில் கிளையில் பச்சை விழ, சரக்கு ரயில் முனகிக்கொண்டு வெளியே வந்தது. பிறகு நெடுநேரம் ஒரு தகவலும் இல்லை. கடைசியில் தம்பலகாமத்திலிருந்து அழைத்தார்கள்.

"உங்கட சரக்கு வந்து ஒதுங்கிட்டுது. எதிர் ரயில் இன்னும் வரேல்லை."

அப்பாடா என்று அப்படியே மண்ணில் குந்திவிட்டேன். கண் கலங்கியது. அக்காவை அழைத்தேன்.

"ரயில் சந்தியில நிண்டுதோ?"

"எந்தச் சந்தி? நல்ல நித்திரையில இருந்தனான், ஏனடி எழுப்பினனீ? பின்னேரம் வாறன், மீன் வாங்கி வை."