வகுப்புத் தரையில் ஆம்பூர்

ஆம்பூரில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்திய வாத்தியார் பிரம்பைத் தொட்டதே இல்லை. அடிக்கிற வாத்தியாரை மன்னித்துவிடலாம். இந்த மனுஷனை முடியாது.

எங்கோ பயிற்சிக்குப் போய்ப் புது முறை கற்றுக்கொண்டு வந்திருந்தார். வகுப்புத் தரை முழுக்கச் சுண்ணக்கட்டியால் ஊரை வரைந்தார். ஒரு பக்கம் பாலாறு, நடுவில் கடைத்தெரு, குறுக்கே ரயில் பாதை. ஒரு பர்லாங்குக்கு ஒரு முழம் என்று அளவு வைத்தார். அவரவர் வீடு இருக்கும் இடத்தில் போய் உட்காரச் சொன்னார். தோல் மண்டி முதலாளியின் மகன் கடைத்தெருவில் சம்மணம் போட்டான். எங்கள் சேரி ரயில் பாதைக்கு அப்பால், தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டிகளை ஒட்டி இருந்தது. முழம் போட்டுப் பார்த்தால் அது வகுப்பின் வாசற்படியைத் தாண்டிப் போயிற்று.

"உன் ஊடு வெளியதான்டா வருது. போய் அங்க குந்து," என்றார் சிரித்தபடி.

அதுவரை கடைசி வரிசையிலாவது உட்கார்ந்திருந்தேன். படம் மனசில் பதியும்வரை இனி எல்லாருக்கும் இதே இடம்தான் என்று சொல்லிவிட்டார். வெயிலில் உட்கார்ந்து எட்டி எட்டிப் பார்த்தால் கரும்பலகை பாதிதான் தெரியும். எனக்கோ அந்த வருஷம் தேறியே ஆக வேண்டும். தேறினால் மேலே படி, தவறினால் சுண்ணாம்புத் தொட்டிக்கு வா என்று அப்பா கறாராகச் சொல்லியிருந்தார். அந்தத் தொட்டியில் நின்று நின்று அவர் கால்கள் ஆகியிருந்த கதி எனக்குத் தெரியும்.

வாத்தியார் குடியிருந்த வீடு எங்கள் சேரியையும் தாண்டி இருந்தது. ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டே விட்டேன்.

"சார், உங்க ஊடு எங்க வருது?"

அவர் கொஞ்சமும் கோபப்படாமல், நல்ல கேள்வி என்றார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு துள்ளிக்கொண்டே வீட்டுக்குப் போனேன், அசடு.

மறுநாள் தரையில் புதுப் படம் இருந்தது. அளவைப் பாதியாகக் குறைத்திருந்தார். ஊர் முழுக்க உள்ளே வந்துவிட்டது. தோல் தொட்டிகள் இருந்தன, அவர் வீடு இருந்தது, வீட்டுப் பக்கத்துப் புளியமரம்கூட இருந்தது. எங்கள் சேரியைக் காணோம்.

"அளவ கம்மி பண்ணா சின்னதெல்லாம் உட்டுடணும்டா. அதான் முறை."

அப்படியானால் நான் எங்கே உட்காருவது என்று கேட்டேன். படத்தில் இல்லாதவனுக்கு இடம் எதற்கு என்று பையன்களைப் பார்த்துச் சிரித்தார். பையன்களும் சிரித்தார்கள். பழையபடி வெயிலுக்கே போனேன்.

வருஷக் கடைசிப் பரீட்சையில் ஊரை வரையச் சொன்னார். ஆத்திரம் தீர எங்கள் சேரியைப் பெரிதாகப் போட்டேன், குடிசை குடிசையாகப் போட்டேன். முட்டை கொடுத்தார். வகுப்பில் வரைந்தபடி இல்லையாம். பூகோளத்தில் தவறி அந்த வருஷமே போயிற்று. மறுநாளே அப்பா தொட்டிக்குக் கூட்டிப் போனார்.

அடுத்த வருஷம், உள்ளூர்த் தொழில்கள் பாடத்துக்காக வாத்தியார் பையன்களை அங்கேயே ஓட்டிக்கொண்டு வந்தார். முட்டளவு சுண்ணாம்புத் தண்ணீரில் நின்று தோலைப் புரட்டிக்கொண்டிருந்தேன். காலெல்லாம் வெந்து கிடந்தது. மண்டி முதலாளியின் மகன் சிலேட்டில் தொட்டிகளை வரைந்தான். என்னைப் பார்த்தான், பிறகு அவரைப் பார்த்தான்.

"சார், ஆளையும் போடணுமா?"

"வேணாம். தொட்டிய மட்டும் போடு."

அந்தத் தண்ணீரை ஒரு கை அள்ளி, வாத்தியாரின் சிரித்த அந்த மூஞ்சியில் அடித்திருக்க வேண்டும். அடிக்காமல் விட்டேனே என்று இன்றைக்கும் கை பரபரக்கிறது.